நாக் அட் தி கேபின் பாத்தவங்க வாங்க, கடைசில எல்லாத்தையும் உண்மைன்னு காட்டினது சரியா?

செம்பூர்வாசி:

முழு கதையும் இதுல வரும், படம் பாக்காதவங்க பாத்துட்டு வந்து படிங்க.

சனிக்கிழமை ராத்திரி ரூம்ல நாங்க மூணு பேரும் உக்காந்து ஷ்யாமளனோட நாக் அட் தி கேபின் பாத்தோம், 2023ல வந்த படம், நான் இப்பதான் பாக்குறேன். வெளிய செம்பூர் மழை கொட்டுது, லைட்டெல்லாம் அணைச்சாச்சு. படம் பன்னெண்டு மணிக்கு முடிஞ்சுது, அதைப் பத்தின பேச்சு முடிய மூணு மணி ஆச்சு, இன்னும் எனக்கு மனசு அடங்கல அதான் இங்க கேக்குறேன்.

கதை தெரியும்ல, காட்டுக்குள்ள ஒரு வீடு, எரிக் ஆண்ட்ரூன்னு ஒரு கே தம்பதி, அவங்க தத்தெடுத்து வளக்குற பொண்ணு வென், எட்டு வயசு கூட நிரம்பல. நாலு பேர் கையில என்னென்னவோ ஆயுதத்தோட வந்து கதவைத் தட்டுறாங்க. உங்க மூணு பேர்ல ஒருத்தரை நீங்களே தேர்ந்தெடுத்து நீங்களே கொல்லணும், தற்கொலை கணக்குல வராது, மாட்டேன்னா உலகமே அழியும்ங்கறாங்க. இவங்க மாட்டோம்னு சொல்ற ஒவ்வொரு தடவையும் வந்த நாலு பேர்ல ஒருத்தர் உயிர் போகுது, உடனே டிவில ஒரு அழிவு. மொதல்ல கடல், அடுத்து குழந்தைங்களைக் கொல்ற நோய், அடுத்து ஃப்ளைட்டெல்லாம் வானத்துலேர்ந்து விழுது.

எனக்கு உயிர் அந்த ஆரம்ப சீன்தான். வென் வெட்டுக்கிளி புடிச்சு கண்ணாடி ஜாடிக்குள்ள போட்டுட்டு இருக்கா, மரத்துக்கு நடுவுல அவ்ளோ பெரிய உருவம் ஒண்ணு நடந்து வருது, டேவ் பட்டிஸ்டா, நாமெல்லாம் ஸ்கூல் படிக்கிறப்ப டபிள்யூடபிள்யூஇல ஆளைத் தூக்கி அடிக்கிறதைப் பாத்த அதே பட்டிஸ்டா, இங்க ரெண்டாங்கிளாஸ் வாத்தியாரா வந்து கொழந்தை பக்கத்துல உக்காந்து அவளுக்கு வெட்டுக்கிளி புடிச்சுத் தர்றாரு. குரல் ஒரு தடவை கூட ஏறாது. கேமரா ரெண்டு பேர் மூஞ்சிலயும் ஒட்டிக்கிட்டே நிக்கும். இவன் நல்லவனா கெட்டவனான்னு எனக்குப் புரியவே இல்ல, அந்தப் பயம் எந்தப் பேய்ப் படத்துலயும் எனக்கு வந்ததில்ல.

அங்கேருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல நான் ஆண்ட்ரூ பக்கம்தான். மனித உரிமை வக்கீல், ஒவ்வொண்ணையும் கேள்வி கேக்குறான், இந்த லெனார்ட், அதான் பட்டிஸ்டா, ஏன் அடிக்கடி வாட்ச்சைப் பாக்குறான், டிவி நியூஸ் வர்ற நேரம் பாத்து பேசுறானா, நீங்க நாலு பேரும் இன்டர்நெட்ல சந்திச்சு ஒருத்தர் பைத்தியத்தை ஒருத்தர் வளத்துக்கிட்டீங்களான்னு. எல்லாமே நியாயமான கேள்வி. கடைசில படம் சொல்லுது, ஆண்ட்ரூ தப்பு, வந்தவங்க சொன்னதுதான் உண்மைன்னு. எரிக்கை சுட்டதும் அழிவு நின்னுடுது. எனக்கு யாரோ என்னை ஏமாத்தின மாதிரி இருந்துச்சு. ரூம்மேட் ஒருத்தன் அடிச்சு சொல்றான், உண்மைன்னு காட்டலேன்னா எரிக் செத்தது வீணாப் போயிருக்கும், அதைத் தாங்க முடியாதுன்னு. நீங்கல்லாம் என்ன நெனைக்கிறீங்க?

தொண்ணூறடி_ரோட்டுக்காரன்:

தம்பி வணக்கம். நான் தாராவில பொறந்து வளந்தவன், அப்பா அம்மா திருநெல்வேலிப் பக்கம். சின்னப் புள்ளைல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீட்டு ஜெபத்துல வெளிப்படுத்தின விசேஷம் வாசிப்பாங்க, ஆறாம் அதிகாரம் வந்தா நான் அம்மா சேலைக்குள்ள மூஞ்சியை வச்சுக்கிடுவேன். வெள்ளைக் குதிரைல வில்லும் கிரீடமுமா ஒருத்தன், சிவப்புக் குதிரைல பூமியில இருக்குற சமாதானத்தை எடுத்துப் போடுறவன், கறுப்புக் குதிரைல தராசோட ஒருத்தன், கடைசியா மங்கின நிறமுள்ள குதிரை, அதுல வாரவன் பேரே மரணம். அதனால கதவு தட்டுற சத்தம் கேட்ட உடனேயே, நாலு பேருன்ன உடனேயே, எனக்கு இது எங்க போகுதுன்னு தெரிஞ்சு போச்சு, தெரிஞ்சும் உக்காந்து பாத்தேன்னா அதுக்குக் காரணம் அந்த நாலு மனுசங்க.

ஒருத்தி நர்ஸ், ஒருத்தி ஹோட்டல்ல சமையல் வேலை, ஒருத்தன் கேஸ் கம்பெனில வேலை, ஒருத்தர் வாத்தியார். நாம தினம் சயான் ஸ்டேஷன்ல பாக்குற சனம் மாதிரி சாதாரண சனம். கொல்ல வந்துட்டு கட்டிப்போட்டவன் மண்டைக் காயத்துக்கு மருந்து போடுதாங்க, காலைல பசிக்குமேன்னு சமைச்சுப் போடுதாங்க. ஒவ்வொரு கொலையும் செய்யுதப்ப கை நடுங்குது, அழுதுட்டே செய்யுதாங்க. பைபிள்ல குதிரைக்காரங்களுக்கு முகமே கிடையாது, இங்க அவங்களுக்கு முகமும் வீடும் வேலையும் குடுத்தாரு பாருங்க, அது பெரிய விசயம்.

ஆனா அதை எவ்வளவு அழகா கட்டிட்டு வந்தாரோ அதை கடைசில எரிக் வாயால ரெண்டு வரில சொல்ல வச்சு முடிச்சுட்டாரு. வன்மம், பராமரிப்பு, குணமாக்குறது, வழிகாட்டுறது, மனுசனோட நாலு குணம் நாலு குதிரைக்காரங்களா வந்திருக்குன்னு. அந்த யோசனை நல்ல யோசனைதான், அதை நாமளே கண்டுபுடிக்க விட்டிருக்கணும். பரீட்சைப் பேப்பர்ல விடையை அவரே எழுதிக் குடுத்துட்டாரு.

இன்னொண்ணு. ஆதியாகமம் 22ல ஆபிரகாம் மகன் மேல கத்தியை ஓங்கினப்ப போதும்னு ஒரு சத்தம் வந்துச்சு, புதர்ல ஒரு ஆட்டுக்கடா கிடந்துச்சு. நான் கடைசி நிமிசம் வரைக்கும் அந்தச் சத்தத்துக்காகத்தான் காத்திருந்தேன். வரல. இப்படிக் கேக்குற தெய்வம் யாரு, ஏன் கேக்குதுன்னு படம் வாயே தொறக்கல. அது பலமா பலவீனமான்னு எனக்கே தீர்ப்பு சொல்ல முடியல தம்பி, ஆனா அன்னைக்கு எனக்கு ஜெபம் பண்ண உக்காந்தா வார்த்தை வரல.

மாட்டுங்கா_வாசகி:

நான் மூல நாவலைப் படிச்சவ, பால் ட்ரெம்ப்ளே 2018ல எழுதினது, பிராம் ஸ்டோக்கர் விருது வாங்கின புத்தகம். அதனால என் கோவம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கும்.

நாவல்ல வென் செத்துடுறா. பாதிக் கதை தாண்டினதும் துப்பாக்கிக்காக நடக்குற இழுபறில தப்பித் தவறி குண்டு பாயுது. அதை விடக் கொடுமை, அந்தச் சாவு கணக்குல வராது, ஏன்னா விருப்பப்பட்டு குடுத்தது இல்லையாம். நான் முலுண்ட் போற ஸ்லோ ட்ரெயின்ல நின்னுக்கிட்டே படிச்சேன், அந்தப் பக்கம் வந்ததும் புத்தகத்தை மூடிட்டேன், இறங்க வேண்டிய ஸ்டேஷன் போனது கூட தெரியல. அதுக்கப்புறம் அந்த ரெண்டு பேரும் எடுக்குற முடிவு என்ன தெரியுமா, உண்மையா இருந்தாலும் சரி பொய்யா இருந்தாலும் சரி, ஒரு கொழந்தை செத்தும் போதலேன்னு சொல்ற சாமிக்கு நாங்க இன்னொரு உயிரைக் குடுக்க மாட்டோம்னு கையைப் புடிச்சுக்கிட்டு புயலுக்குள்ள நடந்து போறாங்க. உலகம் அழிஞ்சுதா இல்லையான்னு கடைசி வரை தெரியாது.

படம் இதை அப்படியே திருப்பிப் போட்டுடுச்சு. கொழந்தை பொழைக்குது, எரிக் சாகுறான், உலகம் பொழைக்குது. மாத்தக் கூடாதுன்னு நான் சொல்லல, சினிமா வேற நாவல் வேற. ஆனா செம்பூர்வாசி கேட்டதுக்கு என் பதில், ஆமா, அது குறைதான். ஆண்ட்ரூவோட அறிவு மேல படத்துக்கு கடைசில மரியாதை இல்லாம போயிடுச்சு.

அடுத்து அந்த ஃப்ளாஷ்பேக்குங்க. மொத்தமே 100 நிமிஷப் படம், ஒரே வீடு, மூச்சு முட்டணும். சரியா மூச்சு முட்டுற நேரத்துல கட் பண்ணி சைனால தத்தெடுக்கப் போன கதை, ஆண்ட்ரூ அப்பா அம்மா வந்து முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருந்த கதைன்னு வெளிய கூட்டிட்டுப் போயிடுறாங்க. ஒவ்வொண்ணும் தனியா பாத்தா நல்ல சீன், அந்த இடத்துல வேண்டாம். கார்ல பாட்டுப் பாடிட்டு வர்ற ஒண்ணு மட்டும் கடைசில பயன்படுது.

பலம்னா கேமரா. 90கள்ல இருந்த பழைய லென்ஸ் வச்சு எடுத்திருக்காங்க, அதான் அந்தப் பச்சையும் மரச்சுவரும் ஒரு மாதிரி பழைய படம் போல மெத்துன்னு இருக்கு, அதுக்குள்ள ரத்தம்ங்கறப்ப இன்னும் பயமா இருக்கு. கொல்ற சீன்ல தலை மேல வெள்ளைத் துணியைப் போட்டதும் கேமரா நகந்துடும், வெட்டு நம்ம கண்ணுல படாது, சத்தம் மட்டும்தான். நெறைய பேர் இதை கோழைத்தனம்னு எழுதியிருந்தாங்க, நான் ஒத்துக்க மாட்டேன், அந்த நேரத்துல பாக்குறவங்க மூஞ்சியைத்தான் காட்டணும், அதைத்தான் காட்டினாரு.

நாகைக்_கடலோரம்:

நான் இங்க அதிகமா எழுத மாட்டேன். இப்ப நெரூல்ல இருக்கேன், சொந்த ஊரு அக்கரைப்பேட்டை பக்கம். 2004 டிசம்பர் 26 எனக்கு பத்து வயசு.

இந்தப் படத்துல மொத அழிவு கடல்னு யாரும் எனக்குச் சொல்லல. அலூஷியன் தீவுல பூகம்பம்னு நியூஸ் ஓட ஆரம்பிச்சதுமே எனக்கு உள்ளங்கை வேர்த்துடுச்சு, அந்தக் கரைல நிக்கிற சனங்களைக் காட்டுறப்ப எந்திரிச்சு பால்கனிக்குப் போயிட்டேன். என் வீட்டம்மா நிறுத்தவான்னு கேட்டாங்க, வேணாம்னு திரும்பி வந்து உக்காந்தேன். அந்த அளவுக்கு அதை சரியா எடுத்திருக்காங்க, அது பாராட்டுதான். அலை தூரத்துல ஒரு கோடு மாதிரிதான் தெரியும். நிக்கிறவங்களுக்கு அது என்னன்னு புரிய நேரம் எடுக்கும். எங்களுக்கும் அப்படித்தான், ஞாயித்துக்கிழமை காலைல கடல் உள்வாங்குச்சு, மீன் துள்ளுதுன்னு பசங்க ஓடினாங்க.

அப்புறம் எனக்கு என்ன கோவம்னா இதுதான். அதுக்கப்புறம் பள்ளிக்கூடத்துல முகாம்ல இருந்தோம், ஒவ்வொரு நாளும் யாராவது வருவாங்க, சோறு குடுக்க வர்றவங்களும் உண்டு, காரணம் சொல்ல வர்றவங்களும் உண்டு. பாவம் பெருகிடுச்சு அதான்னு ஒருத்தரு, சாமிக்குச் செய்ய வேண்டியதை செய்யலேன்னு ஒருத்தரு, உலகம் முடியப் போகுது இது ஆரம்பம்னு ஒருத்தரு. எங்க பெரியம்மா ரெண்டு புள்ளையைக் குடுத்தவங்க, அவங்க ஒரு நாள் எந்திரிச்சு ஒருத்தர்கிட்ட கேட்டாங்க, எம்புள்ளைக்கு நாலு வயசுய்யா, அது என்ன பாவம் பண்ணுச்சுன்னு. அந்த ஆளு பதில் சொல்லாம போயிட்டாரு.

இந்தப் படம் அந்த ஆளுங்க சொன்னதுதான் சரின்னு முடியுது. எங்கேயோ ஒரு காட்டுல ரெண்டு பேரு மாட்டேன்னு சொன்னதுக்கு வேற எங்கேயோ கரைல நின்ன சனம் செத்துச்சுங்குது. கதைன்னு எனக்குத் தெரியும். ஆனா கடலுக்கு அடில தட்டு நகந்துச்சு, தண்ணி ஏறுச்சு, முன்கூட்டியே எச்சரிக்க ஆளில்ல, அதனால செத்தாங்க. யாரு மறுத்ததுக்கும் எங்க சனம் சாகல. சந்தேகத்தோட முடிச்சிருந்தா எனக்கு அந்தக் கோவம் வந்திருக்காது, ஏன்னா அப்ப அது அந்த நாலு பேரோட நம்பிக்கையா மட்டும் நின்னிருக்கும்.

செம்பூர்வாசி:

அண்ணே, இதைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் எனக்கு எதுவும் தோணல. நான் கேட்டது சினிமாக் கேள்வி, நீங்க சொன்னது வேற. எழுதினதுக்கு ரொம்ப நன்றிண்ணே.

நீங்க சொன்னதும் எனக்கு 2005 ஜூலை 26 ஞாபகம் வந்துச்சு, சாந்தாக்ரூஸ்ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர் மழை. நான் அப்ப குர்லால சின்னப் பையன், அப்பா ஆபீஸ்லேர்ந்து அடுத்த நாள்தான் நடந்து வந்து சேந்தாரு. ரெண்டு நாள் கழிச்சு டேம் உடைஞ்சுடுச்சு சுனாமி வருதுன்னு ஒரு வதந்தி, ஜூஹு பக்கம் நேரு நகர்ல அதை நம்பி ஓடி நெரிசல்ல செத்தாங்க ஜனங்க. தண்ணி வரவே இல்ல, அந்தப் பேச்சே கொன்னுடுச்சு. அந்த ஊர்ல வளந்ததாலதான் எனக்கு ஆண்ட்ரூவை அவ்ளோ புடிச்சுதோ என்னவோ. பயத்துல இருக்குறப்ப யாராவது ஒருத்தன் நின்னு இது நெஜமான்னு கேக்கணும்ல.

அந்தேரி_அரவான்:

நான் கே. வீட்டுக்குத் தெரியும், இங்க வேற பேர்ல எழுதுறேன் அவ்ளோதான். எல்லாரும் ஒரு பக்கமா பேசுறதால இன்னொரு பக்கம் சொல்லணும்னு தோணுது.

எனக்கு இந்தப் படத்துல மொத பெரிய விஷயம், அந்த ரெண்டு பேரும் அப்பாக்கள், அவ்ளோதான். யாரும் அவங்களை விளக்கல, கிண்டல் பண்ணல. யுனிவர்சல் மாதிரி பெரிய கம்பெனி படத்துல கொழந்தைக்கு ஒண்ணுன்னா துடிக்கிற ரெண்டு அப்பாவைப் பாத்தது எனக்கு எவ்வளவு பெருசுன்னு உங்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியுமான்னு தெரியல. அதே வருஷம் அக்டோபர் 17ல சுப்ரீம் கோர்ட் கல்யாண உரிமை இல்லேன்னு சொல்லுச்சு, அன்னைக்கு சாயங்காலம் நானும் என் ஆளும் ஒண்ணும் பேசாம வெர்சோவா பீச்ல உக்காந்திருந்தோம்.

முடிவைப் பத்தி. எரிக் உலகத்துக்காக சாகலங்க. கடைசில அவன் பாக்குறது என்ன, வென் வளந்து பெரிய பொண்ணா இருக்கா, வயசான ஆண்ட்ரூ அவ கூட இருக்கான், அந்தக் காட்சி. அதுக்காகத்தான் போறான். எரிக்கா நடிச்ச ஜோனதன் கிராஃப் அந்த இடத்துல சிரிக்கிற சிரிப்பு பொய்யா இருந்துச்சுன்னா நான் தாங்க மாட்டேன். அதனால செம்பூர்வாசியோட ரூம்மேட் கட்சி நான்.

ஆனா குறை எனக்கு வேற இடத்துல. நம்ம ஊர்ல இந்தக் கதை இருக்கு. பாரதப் போர்ல களப்பலிக்கு 32 லட்சணம் உள்ளவன் வேணும், அப்படி மூணே பேர், கிருஷ்ணன், அர்ச்சுனன், அரவான். இங்கயும் கேபினுக்குள்ள மூணு பேர்தான். அரவான் சரின்னு சொல்றான், ஒரு நாளாவது கல்யாணம் பண்ணி வாழ்ந்துட்டு சாகணும்னு கேக்குறான், யாரும் பொண்ணு தரல, கிருஷ்ணனே மோகினியா வந்து கட்டிக்கிறான். கூவாகத்துல ஒவ்வொரு சித்திரையும் திருநங்கைகள் கூத்தாண்டவருக்கு, அதாவது அரவானுக்கு, தாலி கட்டிக்கிறாங்க, மறுநாள் தாலி அறுத்து, வளையல் உடைச்சு, வெள்ளைப் புடவை கட்டி, மார்ல அடிச்சுக்கிட்டு ஒப்பாரி. நான் ஒரு தடவை போயிருக்கேன். அந்த அழுகை ஊரையே நடுங்க வைக்கும். பலி குடுத்தா அதுக்கு அழணும், ஊரே கூடி அழணும், ஏன்னா ஊருக்காகத்தானே போனான்.

எரிக்குக்கு ஒப்பாரி இல்ல. ஆண்ட்ரூவும் வென்னும் வண்டி எடுத்துக்கிட்டு ஒரு ஹோட்டலுக்குப் போறாங்க, அங்க டிவில எல்லாம் அடங்கிடுச்சுன்னு நியூஸ், சனங்க நிம்மதியாகுறாங்க, யாருக்கும் தெரியாது யாரு குடுத்த உயிர்னு. அதோட முடிஞ்சு போகுது. இன்னும் பத்து நிமிஷம் குடுத்திருக்கலாம். ஃப்ளாஷ்பேக்ல ஒண்ணை வெட்டிட்டாவது குடுத்திருக்கலாம்.

வந்த நாலு பேர்ல அந்த கேஸ் கம்பெனிக்காரன் ரெட்மண்ட் விஷயமும் எனக்கு ஆறல. வருஷங்களுக்கு முன்னாடி பார்ல ஆண்ட்ரூ மண்டையை பாட்டிலால அடிச்சவன் அவன்தான்னு உறுதியாகுது. அடிச்சவனையே தெய்வம் தூதனா அனுப்புது, அடி வாங்கினவன்கிட்டயே பலி கேக்குது. எவ்வளவு பெரிய கேள்வி அது. படம் அதைத் தொட்டுட்டு நகந்துடுச்சு.

மாட்டுங்கா_வாசகி:

அரவான் ஒப்பீடு நான் யோசிக்கவே இல்ல, நன்றி. இருந்தாலும் ஒண்ணு சொல்றேன், அரவான் யாருகிட்ட தன்னைக் குடுக்குறான்னு அவனுக்குத் தெரியும், எதுக்குன்னும் தெரியும், போர் கண்ணு முன்னாடி நிக்குது. எரிக்குக்கு மண்டைல அடிபட்டிருக்கு, வெளிச்சத்துல உருவம் தெரியுதுங்கறான். அது தரிசனமா காயமான்னு நாவல் நம்மளை விடாம உலுக்கும். படமும் முக்கால்வாசி அதைச் செஞ்சுது. கிராஃப் சிரிப்பு எனக்கும் புடிச்சுது, அந்த உலுக்கல் போனதுதான் எனக்கு வலி.

தொண்ணூறடி_ரோட்டுக்காரன்:

அந்தேரி தம்பி, ஒப்பாரி பத்தி நீங்க சொன்னது நெஞ்சுல நின்னுட்டு. எங்க தெருவுல யாராவது செத்தா இப்பவும் ஊர்ல இருந்து வந்த கிழவிங்க கூடி உக்காந்துடுவாங்க, மதம்லாம் பாக்க மாட்டாங்க. அந்தப் புள்ளைக்கு அப்படி ஒரு மடி கிடைக்கலயேன்னு இப்ப நெனைக்கேன்.

நாகைக்_கடலோரம்:

அந்தேரி நண்பருக்கு. கடைசில வண்டிக்குள்ள அந்தப் பாட்டு வரும்ல, மூணு பேரும் வர்றப்ப பாடிட்டு வந்த பாட்டு. ஸ்டார்ட் பண்ணதும் தானா ஓடும். அணைக்கிறாங்க, மறுபடி போடுறாங்க, ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்க முடியாம உக்காந்திருக்காங்க. எனக்கு அதுதான் ஒப்பாரின்னு பட்டுச்சு. எங்க பெரியம்மா முகாம்ல அழவே இல்ல. மூணு மாசம் கழிச்சு ஒரு நாள் பஸ்ல சின்னவன் பாடுற சினிமாப் பாட்டு ஒண்ணு ஓடுச்சு, நிறுத்தச் சொல்லுங்கன்னாங்க, கண்டக்டர் நிறுத்தினாரு, கொஞ்ச நேரத்துல போடச் சொல்லுங்கய்யான்னாங்க.

மத்த எல்லாத்துலயும் எனக்குக் கோவம் இருக்கு, அந்த சீன் எடுத்தவருக்கு மட்டும் நான் கடன்பட்டிருக்கேன்.

செம்பூர்வாசி:

அண்ணே, அந்த சீன்ல நான் போனை எடுத்து மணி பாத்துட்டு இருந்தேன், படம் முடிஞ்சுடுச்சேன்னு. இன்னைக்கு ராத்திரி ரூம்மேட்டையும் கூப்பிட்டு அதை மட்டும் திரும்ப போட்டுப் பாக்கப் போறேன்.